வயோலெட் கோபுரங்கள்: டெலாகோ விளிம்பில் ஏறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மஞ்சள்கயிறு

எல்லோருக்கும் வணக்கம். மியூனிக்கில் இருக்கிறேன், பாறை ஏறத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. செப்டம்பர் முதல் வாரம் நண்பனோடு இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளுக்குப் போக லீவு போட்டாகிவிட்டது. மனதில் இருப்பது வயோலெட் கோபுரங்கள்தான், அதிலும் டெலாகோ கோபுரத்தின் தென்மேற்கு விளிம்பு. அதன் படம் ஒன்றைப் பார்த்த நாளிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை. கத்தியை நட்டு வைத்தது போல ஒரு பாறை, அதன் முனையில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர், காலுக்குக் கீழே வெறும் காற்று.

வழிகாட்டிப் புத்தகத்தில் அதன் கடினத்தை யுஐஏஏ (பன்னாட்டு மலையேற்றச் சம்மேளனம்) அளவில் 4+ என்று போட்டிருக்கிறது. நான் ஜிம்மில் பிரெஞ்சு அளவில் 6ஏ லீட் (முதல் ஆளாகக் கயிற்றைக் கொண்டுபோய்) ஏறுவேன், நல்ல நாளில் 6பி. இத்தாலியின் ஆர்கோவில் போல்ட் (பாறையைத் துளைத்துப் பதித்த ஆணி) அடித்த மல்டிபிட்ச் பாதைகள் (ஒவ்வொரு கயிற்று நீளமும் ஒரு பிட்ச்) நான்கு ஏறியிருக்கிறோம். அதனால் ஏறுவதில் சிக்கல் வராது என்று நினைக்கிறேன். தெரிய வேண்டியது இவ்வளவுதான்: ஒரே நாளில் டெலாகோ, ஸ்டாபெலர், விங்க்லர் மூன்றையும் முடிக்க முடியுமா? ஒற்றைக் கயிறு போதுமா, இரட்டையா? கேம் (வெடிப்புக்குள் விரிந்து பிடிக்கும் கருவி) எத்தனை எடுக்க வேண்டும்? அப்புறம், நான் சைவம், மலைக்குடிலில் சாப்பாடு கிடைக்குமா?

பாறைப்பல்லி

தம்பி, நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். நான் அங்கே ஐந்து முறை போயிருக்கிறேன், இரண்டு முறை மூன்று கோபுரமும் சேர்த்து. கேள்விக்கு வருவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். "ஏறுவதில் சிக்கல் வராது" என்று எழுதியிருப்பது சரிதான், ஏறுவதில் வராது. இறங்குவதில் வரும். வயோலெட்டில் ராத்திரி மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் நன்றாக ஏறத் தெரிந்தவர்கள்தான். அதனால் திட்டத்தை உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் போடுங்கள்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ரோசென்கார்ட்டன் மலைத்தொடர், இத்தாலிய மொழியில் கட்டினாச்சோ என்பார்கள். கோபுரங்கள் மொத்தம் ஆறு. வடக்கே இருக்கும் மூன்றுதான் கொஞ்சம் உயரம் கூட, அதில் பெரியது 2,821 மீட்டர், ஆனால் அங்கே கூட்டம் குறைவு. எல்லோரும் வருவது தெற்கே நிற்கும் மூன்றுக்கு: டெலாகோ 2,790, ஸ்டாபெலர் 2,805, விங்க்லர் 2,800. மூன்றும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். அவற்றின் காலடியில், 2,621 மீட்டரில், கார்ட்ல் என்ற சின்னப் பள்ளத்தில் மன்னர் ஆல்பர்ட் பெயரில் ஒரு குடில். கார்ட்ல் என்றால் சிறுதோட்டம். பெயரில்தான் தோட்டம், நேரில் முழுக்கக் கல்.

போகிற வழி: ஃபாஸா பள்ளத்தாக்கிலிருந்து ஷட்டில் பஸ்ஸில் கார்தேச்சா வரை, அங்கிருந்து வயோலெட் குடிலுக்கு நடை, அப்புறம் பாறைச்சந்து வழியாக மேலே. அந்தச் சந்தில் கம்பிவடம் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு. மேலே ஆட்கள் போய்க்கொண்டிருந்தால் கல் உருளும், அதனால் ஹெல்மெட்டைச் சந்தின் வாயிலேயே போட்டுக்கொள்ளுங்கள், பையில் தொங்கவிட வேண்டாம்.

கயிறு: இரட்டை. 60 மீட்டர் ஹாஃப் ரோப் (இரண்டாகச் சேர்த்துப் பயன்படுத்தும் மெல்லிய கயிறு) இரண்டு, அல்லது 50 இரண்டு. இது ஏறுவதற்காக இல்லை, இறங்குவதற்காக. ஒற்றைக் கயிற்றோடு போய் மழையில் பாதியில் திரும்ப வேண்டி வந்தால் கையில் இருப்பது 30 மீட்டர்தான், அதற்குள் அடுத்த ஆங்கர் (கயிறு கட்டும் உறுதியான இடம்) இருக்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

கேம்: நடுத்தர அளவில் மூன்று நான்கு போதும். 60 செ.மீ., 120 செ.மீ. ஸ்லிங் (வளையமாகத் தைத்த நாடா) நிறைய எடுங்கள். டோலமைட் பாறையில் மணற்கடிகாரம் என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. பாறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், நடுவில் இடுப்பு சிறுத்த கல்தூண் நிற்கும். அதைச் சுற்றி ஸ்லிங்கை நுழைத்துக் கட்டினால் அதுதான் உங்கள் பாதுகாப்பு. கட்டும் முன் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், பானை தட்டிப் பார்ப்பது போல. திண்ணென்று கேட்டால் கட்டலாம். உள்ளே அதிர்ந்தால் விட்டுவிட்டு மேலே போங்கள். என் கணக்கு, மணிக்கட்டு அளவாவது கனம் இருக்க வேண்டும்.

4+ பற்றி. ஜிம் 6ஏ-வோடு இதை ஒப்பிடவே வேண்டாம். நூறு வருடத்துக்கு மேலாக எல்லோரும் அதே பிடியைப் பிடித்து அதே மூலையில் கால் வைத்து ஏறியிருக்கிறார்கள், பழைய கோயில் படிக்கட்டு மாதிரி வழவழப்பாகிவிட்டது. பிட்டன்கள் (வெடிப்பில் சுத்தியலால் அடித்த இரும்பு ஆணிகள்) தூரம் தூரமாக இருக்கும், சிலது துருப்பிடித்திருக்கும். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறுவது போன்ற எளிய அசைவுதான், ஆனால் நாலு மாடி உயரத்தில், கடைசிப் பாதுகாப்பு காலுக்குக் கீழே ஏழெட்டு மீட்டரில்.

மூன்று கோபுரமும் ஒரே நாளில் என்றால் முதல் தடவைக்கு வேண்டாம். டெலாகோ மட்டும்.

யாழ்_சூரிச்

பாறைப்பல்லி சொன்னதை வடிவாக இரண்டு தரம் வாசியுங்கள் தம்பி. நான் 2019ல் போய்ப் பட்ட பாட்டைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

விளிம்பை ஏற இரண்டரை மணித்தியாலம். உச்சியில் நின்று படம் எடுத்து, ரொட்டி சாப்பிட்டு, கையை நீட்டினால் ஸ்டாபெலர் தொடுகிற தூரத்தில் நிற்கிறது. அப்போது மணி பதினொன்றரை. மேற்கே ஒரு முகில், பஞ்சுப்பொதி அளவு. மூன்றையும் முடிப்போம் என்று எனக்கு ஒரே உற்சாகம், என் கூட்டாளிக்கும் அப்படியே.

முதல் ராப்பல் (கயிற்றில் தொங்கி இறங்குவது) நன்றாகப் போனது. இரண்டாவதில், கயிறு போடப் பாறையில் பதித்திருக்கும் வளையங்கள் கிட்டக்கிட்ட இருக்கின்றனவே, ஒன்றை விட்டு நேரே கீழ் வளையத்துக்குப் போனால் நேரம் மிச்சம் என்று இரண்டையும் சேர்த்து ஒரே இறக்கமாக இறங்கினோம். கீழே வந்து, ஒன்றாக முடிந்து வளையத்தில் போட்டிருந்த இரண்டு கயிற்றில் நீலக் கயிற்றை இழுத்தால் வருகிறது, வருகிறது, பதினைந்து மீட்டர் வந்தபிறகு நின்றுவிட்டது. பச்சைக் கயிற்றின் நுனி மேலே போய் எங்கோ வெடிப்பில் விழுந்து இறுகிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினோம். அசையவில்லை.

இங்கேதான் கவனம். பச்சை நுனி கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. நீலக் கயிற்றில் புருசிக் (கயிற்றைச் சுற்றி இறுகிப் பிடிக்கும் முடிச்சு) போட்டு ஏறலாம் என்று கூட்டாளி சொன்னார். நான் மறித்துவிட்டேன். மேலே அது எதில் மாட்டியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சின்னக் கல் ஒன்றின் கீழ் முடிச்சு இறுகியிருக்கலாம். அதில் உடம்புப் பாரத்தைத் தொங்கவிட்டு நாற்பது மீட்டர் ஏற ஏலாது. கடைசியில் எங்களுக்குப் பின்னால் வந்த குழுவுக்காகக் காத்திருந்தோம். ஐம்பது நிமிடம். அவர்கள் இறங்கும்போது கயிற்றை எடுத்துவிட்டார்கள். அதற்குள் அந்தப் பஞ்சுப்பொதி வானம் முழுக்கப் பரவி, முதல் இடி விழுந்தபோது நாங்கள் இரண்டு கோபுரத்துக்கும் நடுவில் ஒரு கவட்டில், இடுப்பில் இரும்பு முழுக்கத் தொங்க நின்றோம். ஆலங்கட்டி மழையில் மீதியை இறங்கினோம். கை விறைத்து முடிச்சு அவிழ்க்க முடியாமல் பல்லால் இழுத்தது நினைவிருக்கிறது.

அதனால்: ஒவ்வொரு வளையத்திலும் நின்று நின்று இறங்குங்கள். குறுகிய இறக்கம் மூன்று, நீண்ட இறக்கம் ஒன்றைவிட வேகமானது. முதல் ஆள் கீழே போனதும் கயிற்றை இரண்டு அடி இழுத்துப் பார்க்க வேண்டும், மேலே நிற்பவர் அது ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். எந்த நிறத்தை இழுப்பது என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். நுனியில் போட்ட முடிச்சை இழுக்குமுன் அவிழ்த்தீர்களா என்றும் ஒருவரை ஒருவர் கேளுங்கள்.

நேர்கோடு

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இவ்வளவு பேர் ஏறுகிற பாதை, உலகப் புகழ் பெற்ற இடம், 2009லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பிறகு ஏன் துருப்பிடித்த பிட்டனை நம்பி ஏற வேண்டும்? ஐந்து மீட்டருக்கு ஒரு போல்ட் அடித்தால் என்ன குறைந்துவிடும்? ராப்பல் வளையத்தை மட்டும் சிமெண்டு வைத்துப் பதித்திருக்கிறார்கள், ஏறுகிற பக்கம் அடிக்கமாட்டோம் என்பது எனக்கு வீம்பாகப் படுகிறது. அடிபட்டவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

பாறைப்பல்லி

இந்தக் கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1887 செப்டம்பர் 17. மியூனிக்கைச் சேர்ந்த கியோர்க் விங்க்லர் என்ற பள்ளி மாணவன், வயது 18, தன்னந்தனியாக வந்து இன்று அவன் பெயரில் நிற்கும் கோபுரத்தில் ஏறினான். பிலே செய்ய, அதாவது கயிற்றைப் பிடித்துக் காக்க, ஆள் இல்லை. உயரம் குறைவான பையன், கைக்கு எட்டாத இடத்தில் மாட்டி இழுக்க ஒரு கொக்கியை வைத்திருந்தான். முதல் ஏற்றம் அது. ஏறிய வழியிலேயே இறங்கியும் வந்தான். அந்தக் கோபுரத்தில் இருக்கும் விங்க்லர் வெடிப்பு இன்றைக்கும் நல்ல ஏற்றக்காரர்களுக்கு மூச்சு வாங்கவைக்கிற இடம். மறு வருடமே, 1888 ஆகஸ்டில், சுவிட்சர்லாந்தின் வைஸ்ஹார்ன் மலைக்குத் தனியாகப் போனவன் திரும்பவில்லை. அறுபது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் பனியாறு அவன் உடலை வெளியே விட்டது. ஹெர்மன் டெலாகோ 1895ல் தன் பெயர் கொண்ட கோபுரத்தில் ஏறியதும் தனியாகத்தான்.

அதற்கப்புறம் 1911. டெலாகோ விளிம்பை அந்த வருடம் முதலில் ஏறியவர் டீட்டா பியாஸ், தன் கூட்டாளிகளோடு. ஃபாஸா பள்ளத்தாக்கின் பேரா ஊர்க்காரர், டோலமைட்ஸின் பிசாசு என்றே அவருக்குப் பட்டப்பெயர். அதே வருடம் பவுல் ப்ராய்ஸ் என்ற ஆஸ்திரிய இளைஞர் ஒரு கட்டுரை எழுதினார். பிட்டன் அடிப்பது, கயிற்றில் தொங்கி இறங்குவது எல்லாம் செயற்கை உதவி, ஏறத் தெரிந்த இடத்தில் இறங்கவும் தெரிய வேண்டும், இறங்கத் தெரியாத இடத்தில் ஏறக் கூடாது என்றார். ஏறுபவர்கள் மத்தியில் பெரிய சண்டை மூண்டது. எதிர்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் நம் பியாஸ்தான். குடும்பம் இருக்கிறவன், ஆட்களைக் கூட்டிப்போகிற வழிகாட்டி, அவனுக்குப் பிட்டன் வேண்டும் என்பது அவர் கட்சி.

ப்ராய்ஸ் 1913 அக்டோபரில் தனியாக ஏறும்போது விழுந்து இறந்தார், வயது 27. இனி நீங்கள் கார்தேச்சாவிலிருந்து நடந்து போகும்போது வயோலெட் குடிலுக்குப் பக்கத்தில் ஒரு பாறை முனையில் சின்னதாக ஒரு குடில் தெரியும். ப்ராய்ஸ் குடில். கட்டியவர் பியாஸ். வாதத்தில் எதிரியாக நின்றவரின் பெயரைத் தன் குடிலுக்கு வைத்தார். மேலே கார்ட்லில் இருப்பதும் அவர் கட்டியதுதான், அது பெல்ஜியம் மன்னர் முதலாம் ஆல்பர்ட் பெயரில். அந்த மன்னர் நிஜமான ஏற்றக்காரர், 1934ல் தன் நாட்டிலேயே ஒரு பாறையில் ஏறப்போய் விழுந்து இறந்தார்.

நேர்கோடு, உங்கள் கேள்வி சின்னக் கேள்வி இல்லை, நூறு வருடத்துக்கு முன் பெரிய மனிதர்கள் மோதிக்கொண்ட கேள்வி. என் நிலை இது: ராப்பல் வளையமும் பிலே ஆங்கரும் உறுதியாக இருக்க வேண்டும், அதில் பேரமே இல்லை. நடுவில் போல்ட் வேண்டாம். ஐந்து மீட்டருக்கு ஒன்று அடித்தால் இப்போது தயங்குகிறவர்கள் எல்லோரும் வருவார்கள், இன்னும் மூன்று மடங்கு வரிசை நிற்கும், அத்தனை பேரும் அதே உச்சியிலிருந்து அதே வளையத்தில் இறங்க வேண்டும். போல்ட் ஏறும் பக்கத்தைத்தான் சுலபமாக்கும், இறக்கத்தைத் தொடாது.

நேர்கோடு

ப்ராய்ஸ் குடில் கதை எனக்குத் தெரியாது. நன்றி. ஆனாலும் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய பிட்டன் உடைந்து ஒருவர் விழும்போது அவருக்கு வரலாறு உதவாது. குறைந்தபட்சம் கடினமான அந்த ஓரிரண்டு அசைவுக்குப் பக்கத்தில் ஒன்று அடிக்கலாம் என்பதில் நிற்கிறேன்.

கல்லும்_காற்றும்

இரண்டு பேருக்கும் வணக்கம். இந்த விவாதத்தில் கேட்டவரை மறந்துவிட வேண்டாம்.

மஞ்சள்கயிறு, நான் இரண்டு முறை அந்த விளிம்புக்குப் போனேன். முதல் முறை மூன்று வருடத்துக்கு முன், உச்சி வரை போகவில்லை. எங்களுக்கு முன்னால் நான்கு குழு. ஒவ்வொரு பிலே இடத்திலும் அரை மணி, முக்கால் மணி நின்றோம். மூன்றாவது பிட்ச் நடுவில் தூறல். பாறை நனைந்ததும் அந்த வழவழப்பான பிடிகள் எண்ணெய் தடவியது போல ஆகிவிட்டன. என் தோழி மேலே பார்த்தாள், நான் கீழே பார்த்தேன், திரும்பலாம் என்று முடிவு செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு நல்ல மணற்கடிகாரம் கிடைத்தது, ஊதா நிற ஸ்லிங் ஒன்றையும் ஒரு கேராபைனரையும் (கயிறு மாட்டும் உலோகக் கொக்கி) அதிலேயே விட்டுவிட்டு இறங்கினோம். பதினைந்து இருபது யூரோ நஷ்டம். அன்று மாலை குடிலில் சூடாகச் சூப் குடித்தோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், விட்டுவிட்டு வர என்றே ஒரு பழைய கேராபைனரும் நான்கைந்து மீட்டர் கயிற்றுத் துண்டும் ஹார்னஸில் (இடுப்புப் பட்டை) தனியாக மாட்டிக்கொண்டு போங்கள். அது இருந்தால் திரும்புகிற முடிவு சுலபமாக வரும். புதுசு, விலை அதிகம் என்று பார்த்துக்கொண்டு நின்றால் முடிவு தள்ளிப்போகும்.

இன்னும் சில. குடிலில் முதல் நாள் இரவே தங்குங்கள், அதுவும் முன்பதிவு செய்து. கீழிருந்து காலையில் ஏறி வருகிறவர்களுக்கு முன்னால் நீங்கள் பாறையில் இருக்க வேண்டும். காலையில் குளிரும், விளிம்பில் வெயில் விழ நேரமாகும், மெல்லிய கையுறை ஒன்று பிலேக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு: கனெடர்லி என்று ரொட்டி உருண்டை ஒன்று தருவார்கள், பெரும்பாலும் அதில் பன்றி இறைச்சித் துணுக்கு கலந்திருக்கும், சீஸ் அல்லது கீரை போட்டது உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பொலெந்தா இருக்கும், நம்மூர் ரவைக்களி மாதிரிதான், சீஸோடு நன்றாக இருக்கும். தண்ணீர் அங்கே சும்மா கிடைக்காது, காசு கொடுத்து பாட்டில்தான். படுக்கைக்கு மெல்லிய உறைப்பை கொண்டுபோங்கள்.

மாலையில் வெளியே வந்து நிற்க மறக்காதீர்கள். லவுரின் என்ற குள்ளர் மன்னனுக்கு அங்கே ரோஜாத்தோட்டம் இருந்ததாம், எதிரிகளுக்கு அவன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தது அந்தத் தோட்டம்தான் என்று, பகலிலும் இரவிலும் யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது என்று சபித்துவிட்டானாம். அந்தி நேரத்தைச் சொல்ல மறந்துவிட்டான். அதனால் சூரியன் விழும் நேரத்தில் மட்டும் பாறை முழுக்கச் சிவக்கும். அந்தப் பக்கத்து மக்கள் பேசும் லதீன் மொழியில் அதற்குத் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது, என்ரோசதீரா. நான் பார்த்த அன்று ஆரஞ்சில் தொடங்கி, ரோஜா நிறமாகி, கடைசியில் கத்தரிப்பூ நிறத்தில் முடிந்தது.

மஞ்சள்கயிறு

எல்லோருக்கும் நன்றி. உண்மையைச் சொன்னால் முதல் பதிலைப் படித்ததும் கொஞ்சம் கோபம் வந்தது, அப்புறம் யாழ்_சூரிச் அண்ணாவின் கயிறு கதையைப் படித்ததும் நண்பனுக்கு அனுப்பினேன். இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தது: டெலாகோ மட்டும். உச்சியில் எத்தனை மணிக்கு இருந்தாலும் ஸ்டாபெலருக்குப் போவதில்லை. பன்னிரண்டு மணிக்குள் உச்சி தொடாவிட்டால் எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புவது. இதற்கு முன் இரண்டு வாரக்கடைசிகளில் வீட்டுக்குப் பக்கத்துப் பாறையில் ராப்பல் மட்டுமே பழகப் போகிறோம், புருசிக் பின்பிடியோடு, கண்ணைக் கட்டிவிட்டாலும் கை செய்கிற வரைக்கும்.

வழிகாட்டி வைத்துக்கொள்வது பற்றி ஏதாவது?

யாழ்_சூரிச்

வழிகாட்டியோடு போனால் வெட்கம் ஒன்றும் இல்லை. பியாஸே வழிகாட்டிதானே. ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி பழகிவிட்டுப் போனால் இரண்டு பேரே போகலாம் என்று எனக்குப் படுகிறது. மலைக்கழக அங்கத்துவம் எடுத்துவிடுங்கள், மீட்புச் செலவுக்குக் காப்புறுதி அதோடு சேர்ந்து வரும், குடிலில் படுக்கைக்கும் காசு குறையும். ஆபத்து என்றால் 112. ஃபோன் எடுக்காவிட்டால் நிமிடத்துக்கு ஆறு தடவை விசில் அல்லது டார்ச், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. ஹெலிகாப்டரைப் பார்த்துக் கையசைக்கக் கூடாது: உதவி வேண்டும் என்றால் இரண்டு கையையும் மேலே தூக்கி நில்லுங்கள், வேண்டாம் என்றால் ஒரு கை மேலே, ஒரு கை கீழே.

மஞ்சள்கயிறு

போய்விட்டு வந்துவிட்டோம்! நேற்று இரவுதான் வீடு சேர்ந்தோம். விவரமாக எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குக் குடிலை விட்டுக் கிளம்பினோம். பாதையின் தொடக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான், ஆனால் அங்கே ஏற்கெனவே இரண்டு குழு. நான் முதல் பிட்ச் லீட். சுவரை ஒட்டி ஏறும் வரை ஒன்றும் தெரியவில்லை. விளிம்பைச் சுற்றிக் காலை அந்தப் பக்கம் வைத்ததும் கீழே இருந்த தரை காணாமல் போய்விட்டது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காற்று பக்கத்திலிருந்து வரவில்லை, கீழிருந்து மேலே வருகிறது, கால்சட்டைக்குள் புகுந்து முழங்கால் வரை ஏறுகிறது. கயிறு பாறையைத் தொடாமல் வில் போல வளைந்து வெளியே தொங்குகிறது. கை பிடித்திருப்பது வாளியின் விளிம்பு மாதிரி நல்ல பிடி, நான்கு விரலும் முழுசாக உள்ளே போகிறது, இருந்தும் விடமாட்டேன் என்று இறுக்கிக்கொண்டே நிற்கிறேன். முன்னங்கை வீங்கிவிட்டது. 4+ ஏற்றத்தில்! ஜிம்மில் இந்தப் பிடியில் நின்று கதை பேசுவேன். பாறைப்பல்லி சொன்னது அந்த இடத்தில்தான் முழுதாகப் புரிந்தது.

மணற்கடிகாரம் தட்டிப் பார்க்கும் வேலையை நன்றாகச் செய்தேன். முதலாவது ஒன்று விரலைவிடக் கொஞ்சம் பெரிசு, தட்டியதும் உள்ளே கிணுகிணுத்தது, விட்டுவிட்டேன். அடுத்தது என் மணிக்கட்டைவிடக் கனம். நேர்கோடு அண்ணா, அதில் ஸ்லிங் கட்டிக் கேராபைனர் கிளிக் என்று மூடிய சத்தம் கேட்டபோது எனக்கு போல்ட் ஞாபகமே வரவில்லை. ஆனால் அதற்கு மேலே எட்டு மீட்டரில் பிட்டன் ஒன்று, தலை வளைந்து, கையால் அசைத்தால் ஆடியது. அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன்.

உச்சியில் பத்தே முக்கால். சாப்பாட்டு மேசைகள் மூன்றைச் சேர்த்துப் போட்ட அளவுதான் இடம். ஸ்டாபெலரில் இரண்டு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் பேசுவதே காதில் விழுந்தது. வானம் கண்ணாடி. நண்பன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். போகலாம் போல இருந்தது, மிக அருகில் இருந்தது, மணியும் பன்னிரண்டு ஆகவில்லை. வாய் திறந்து கேட்டது நான்தான். அவன் தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று. சரி என்று ராப்பலுக்குக் கயிறு போட ஆரம்பித்தோம்.

ஒவ்வொரு வளையத்திலும் நின்றோம். "நீலம் இழுக்கணும்", "நீலம் இழுக்கணும்". "நுனி முடிச்சு?" "அவிழ்த்தாச்சு." ஒரு இடத்தில் கயிறு இறுகியது, மேலே அவன் இன்னும் வளையத்தில் இருந்ததால் முடிச்சை விளிம்புக்கு இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு இறங்கினான், ஓடிவிட்டது. அந்தச் சோதனை இழுப்பு இல்லாவிட்டால் நாங்களும் ஐம்பது நிமிடம் நின்றிருப்போம். குடில் திண்ணையில் உட்கார்ந்தபோது மணி ஒன்று. இரண்டரைக்கு மழை வந்தது. ஸ்டாபெலரில் பார்த்த அந்த இருவரும் நாலு மணிக்கு மேல் நனைந்து வந்து சேர்ந்தார்கள், நல்லபடியாகத்தான், ஆனால் அதில் ஒருவருக்குக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி நடுங்கியது.

கல்லும்_காற்றும் அக்கா, உங்களுக்கு ஒரு செய்தி. மூன்றாவது பிட்சில் இடது பக்கம் ஒரு மணற்கடிகாரத்தில் பழைய ஸ்லிங் ஒன்று இருந்தது. வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறம். முடிச்சை விரித்துப் பார்த்தேன், உள்மடிப்பில் ஊதா. கேராபைனர் இல்லை, யாரோ எடுத்துவிட்டார்கள். பின்னால் வருகிற யாராவது நம்பிவிடக் கூடாதே என்று கத்தியால் அறுத்து எடுத்துவந்துவிட்டேன். இப்போது என் மேசையில் இருக்கிறது. தபாலில் அனுப்பட்டுமா?

கல்லும்_காற்றும்

ஐயோ, அது இன்னும் இருந்ததா! மூன்றாவது பிட்ச், இடது பக்கம் என்றால் என்னுடையதுதான். அறுத்து எடுத்தது மிக நல்ல காரியம், மூன்று வெயில்காலம் பட்ட நைலானை யாரும் தொடக் கூடாது. அனுப்புங்கள் தம்பி, முகவரியைத் தனிச்செய்தியில் தருகிறேன். அன்று என்னோடு வந்த தோழிக்கு அடுத்த மாதம் பிறந்தநாள், அவளுக்குத்தான் கொடுக்கப் போகிறேன்.

நேர்கோடு

அந்த ஆடும் பிட்டன் எந்த பிட்சில் என்று சரியாக எழுதுங்கள். அடுத்த ஜூலையில் போகிறேன், சுத்தியல் எடுத்துப் போகிறேன்.

மஞ்சள்கயிறு

மூன்றாவது பிட்ச்தான், நான் ஸ்லிங் கட்டிய அந்த மணற்கடிகாரத்துக்கு நேர் மேலே, வலதுகை எட்டும் இடத்தில். பக்கத்திலேயே கேம் போட ஒரு வெடிப்பு இருக்கிறது அண்ணா, நடுத்தர அளவு நன்றாகப் பிடிக்கும். நான் அதைத்தான் போட்டேன்.